பதில் சொல்ல ஒரு ஆள்: ஐரிஷ் மொழியில் நாலு வார்த்தை கற்க எந்த வழி?

அயர்லாந்தின் கால்வே நகருக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதல் இரண்டு மாதம் வீடு, பள்ளிக்கூடம், பொன்னி அரிசி என்று அலைவார்கள். அதெல்லாம் ஒரு வழிக்கு வந்தபிறகு, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது அந்தக் கேள்வி வரும்: "இந்த ஐரிஷ்ல நாலு வார்த்தை கத்துக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?" நானும் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரிடம் ஆப் போதும் என்றேன், இன்னொருவரிடம் வகுப்பில் சேருங்கள் என்றேன். இரண்டு பேருமே சில மாதத்தில் விட்டுவிட்டார்கள். சரி, எல்லா வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் பிழைக்க ஐரிஷ் தேவையில்லை. குடியுரிமை வாங்கவும் மொழித் தேர்வு எதுவும் கிடையாது. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு ஐரிஷைத்தான் முதல் ஆட்சிமொழி என்கிறது, ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் தெருவில் இறங்கினால் காதில் விழுவது ஆங்கிலம்தான். 2022 கணக்கெடுப்பில் தனக்கு ஐரிஷ் பேச வரும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர், அதாவது 40 சதவீதம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர் மட்டும்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் கற்க வருகிறவர்கள் விழுகிறார்கள். வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. பஸ் பலகையில், தபால் நிலையத்தில், கழிப்பறைக் கதவில் எல்லாம் ஐரிஷ் இருக்கிறது. நீங்கள் சொன்ன வார்த்தைக்குத் திரும்பப் பதில் சொல்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இதில் எனக்குப் பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா?

அந்த மொழியின் வணக்கமே அப்படித்தான். ஒருவர் "தீயா க்விட்" என்பார். கடவுள் உன்னோடு என்று அர்த்தம். அதையே திருப்பிச் சொன்னால் பதில் ஆகாது. "தீயஸ் முய்ரா க்விட்" என்று மாதாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் பேட்ரிக் புனிதரையும் கூட்டிக்கொள்ளலாம். மதம் பார்த்து யாரும் சொல்வதில்லை, நம்பிக்கை இல்லாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தனியாகக் கண்ணாடி முன் நின்று பாதிதான் பழகலாம், மீதிப் பாதிக்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டும்.

(ஒரு சின்ன எச்சரிக்கை: இந்த மொழியை "கேலிக்" என்று சொல்லாதீர்கள். இங்கே ஆங்கிலத்தில் அது ஐரிஷ்தான். கேலிக் என்றால் ஸ்காட்லாந்து மொழி என்றோ கேலிக் ஃபுட்பால் என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஐரிஷிலேயே சொல்வதானால் "கேல்கே".)

தமிழ்க் காதுக்கு எது எளிது, எது கடினம்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பாடம் எழுதுகிறவர்கள் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு மலையாகத் தெரிவது பல நேரம் நமக்கு வாசற்படி.

ஐரிஷில் உயிரெழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு வரும். அதற்கு "ஃபாதா" என்று பெயர். நீளம் என்று பொருள். நமக்கு அது நெடில், அவ்வளவுதான். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லா ஆசிரியர்களும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. "காக்கா" என்று நெடிலாகச் சொன்னால் கேக். "கக்கா" என்று குறிலாகச் சொன்னால் அர்த்தம் மலத்தில் போய் நிற்கும். வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. ஏன் என்று அவர்களுக்கு விளக்கவும் முடியவில்லை.

அடுத்தது, "ஹேவ்" என்ற வினை ஐரிஷில் இல்லை. என்னிடம் கார் இருக்கிறது என்பதற்கு "தா கார் அகம்". தா என்றால் இருக்கிறது, அகம் என்றால் என்னிடம். ஆங்கிலேயர் இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் தலையைச் சொறிவார், நமக்கு அரை நிமிடம். (அகம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்ப வேண்டாம், தற்செயல்தான்.) அதே மாதிரி பசி, தாகம், வருத்தம் எல்லாம் ஆள் மேல் வந்து உட்காரும். "தா ஒக்ரஸ் ஒரம்" என்றால் என் மேல் பசி இருக்கிறது. "தா ப்ரோன் ஒரம்" என்றால் என் மேல் சோகம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது அன்னியமாகவே படாது.

ஆம், இல்லை என்பதற்கு ஐரிஷில் தனிச் சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். "அன் வில்...?", அதாவது இருக்கிறதா என்று கேட்டால் "தா" அல்லது "நீல்". சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், வந்தாயா என்றால் வந்தேன் என்று நாம் சொல்வதில்லையா, அதேதான்.

மனிதர்களை எண்ணத் தனி எண்கள் உண்டு. இரண்டு பேர் "பெர்ட்ச்", மூன்று பேர் "த்ரூர்", நான்கு பேர் "க்யாஹ்ரர்". இருவர், மூவர், நால்வர் வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழமொழிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "ஷானொகல்". ஷான் என்றால் பழைய, ஃபொகல் என்றால் சொல். பிரித்துப் பார்த்தால் நம் பழமொழியேதான்.

இனி கடினமான பக்கம். நாம் வினையைக் கடைசியில் வைப்போம், அவர்கள் முதலில் வைப்பார்கள். சாப்பிட்டேன் நான் ரொட்டி. இது பழகிவிடும். பழகாமல் படுத்துவது சொல்லின் முதலெழுத்து மாறுவது. நம் புணர்ச்சியில் பெரும்பாலும் சொற்கள் ஒட்டும் இடத்தில்தான் மாற்றம் வரும். அங்கே சொல்லின் தலையே மாறும். "பாத்" என்றால் படகு. அவனுடைய படகு "அ வாத்". அவளுடைய படகு "அ பாத்". அவர்களுடைய படகு "அ மாத்". முன்னால் இருக்கும் "அ" மூன்றிலும் ஒன்றுதான். படகு யாருடையது என்பதைப் படகின் முதல் எழுத்துதான் சொல்கிறது. அகராதியில் "வாத்" என்று தேடினால் கிடைக்காது. புதிதாகப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடுகிறார்கள்.

இன்னொன்று மரியாதை. ஐரிஷில் "தூ" என்றால் நீ, "ஷிவ்" என்றால் நீங்கள். ஆனால் அந்த நீங்கள் பன்மைக்கு மட்டும்தான். எண்பது வயதுத் தாத்தாவையும் தூ என்றுதான் கூப்பிட வேண்டும். என் மனைவி நர்ஸ். வார்டில் ஒரு பெரியவரை மரியாதையாக ஷிவ் போட்டு நலம் விசாரித்தாள். அவர் மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாராம்.

நான் தமிழில் எழுதியிருக்கும் உச்சரிப்புகள் ஒரு குத்துமதிப்புதான். க, ட, த போன்ற எழுத்துகளில் நமக்கு வல்லொலி மெல்லொலி வேறுபாடு தெரியாது. காதால் கேட்க வேண்டும் என்றால் teanglann.ie என்ற அகராதித் தளத்துக்குப் போங்கள். ஆயிரக்கணக்கான சொற்களை மூன்று வட்டாரத்துக் குரல்களில் தனித்தனியே கேட்கலாம், இலவசம். மூன்று வட்டாரம் என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஆப்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான், நானும் இங்கேதான். காசு இல்லை, பஸ்ஸில் போகும்போது படிக்கலாம், நாள் தவறினால் அதுவே நச்சரிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. ஐரிஷ் எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல முதலில் தோன்றும். பி-ஹெச் (bh) என்று இருந்தால் வ, எஃப்-ஹெச் (fh) என்று இருந்தால் ஒலியே இல்லை. இந்த விதிகள் உண்மையில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கானவை. ஆப்பில் ஒரு மாதம் தட்டினால் கண் பழகிவிடும்.

வாய் பழகாது. நான் நூறு நாளுக்கு மேல் விடாமல் தட்டினேன். பிறகு ஒரு சனிக்கிழமை கால்வேயிலிருந்து கடலோரமாக மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி ஸ்பிடலில் இறங்கினேன். கொனமாரா கேல்டாக்ட் பகுதி அது. கேல்டாக்ட் என்றால் ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் ஊர்கள். ஒரு சின்னக் கடைக்குள் போய் "தீயா க்விட்" என்றேன். கல்லாவில் இருந்த அம்மா முகம் மலர்ந்து பதில் சொல்லிவிட்டு, "கே ஹீ வில் தூ?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் படித்திருந்தது "கொனஸ் அதா தூ". இரண்டும் ஒன்றுதான், எப்படி இருக்கிறாய் என்ற அதே கேள்வி. நூறு நாள் பாடத்தில் அந்த வடிவம் ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. நான் விழித்ததைப் பார்த்து அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். அரை லிட்டர் பாலோடு வெளியே வந்தேன்.

அவர் மாறியது என் மேல் இரக்கப்பட்டுத்தான். ஆனால் கற்கிறவனுக்கு அந்த இரக்கம் பெரிய கேடு.

ஆக, ஆப்பை ஒரு சிலேட்டுப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே பள்ளிக்கூடமாக நினைக்க வேண்டாம்.

மாலை வகுப்பு

கொன்ரா ந கேல்கே என்ற அமைப்பு 1893இல் தொடங்கியது. டக்ளஸ் ஹைட், இயோன் மெக்நீல் போன்றவர்கள் தொடங்கினார்கள். ஹைட் பிற்காலத்தில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். அந்த அமைப்பும், 1953இல் தொடங்கிய கேல் லின் என்ற அமைப்பும் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. நேரிலும் உண்டு, கணினி வழியாகவும் உண்டு. வாரம் ஒரு மாலை என்று சில வாரங்கள் நடக்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் டெக் என்ற தேர்வு இருக்கிறது. ஐரோப்பிய முறைப்படி ஏ1-இலிருந்து படிப்படியாக மேலே போகும்.

சேருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கநிலை வகுப்பு என்று போட்டிருப்பார்கள். உள்ளே போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பதின்மூன்று வருடம் பள்ளியில் ஐரிஷ் படித்தவராக இருப்பார். "எனக்கு ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை" என்பார், கொஞ்சம் கூச்சத்தோடு. இரண்டாவது வாரமே எல்லாம் திரும்பி வந்துவிடும். நமக்குத் திரும்பி வர எதுவும் இல்லையே! ஆகவே சேரும்போதே, பள்ளியில் ஐரிஷ் படிக்காதவர்களுக்கான வகுப்பா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் சேர்ந்தவர்தான், மேலே சொன்ன இருவரில் இரண்டாமவர்.

மற்றபடி வகுப்பில் பதில் சொல்ல ஆள் இருக்கிறார், தப்பைத் திருத்த ஆசிரியர் இருக்கிறார். படகின் தலை ஏன் மாறுகிறது என்று கேட்டால் விளக்கம் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு மாலைதான் என்பதுதான் குறை. செவ்வாய்க்கிழமை கற்றது அடுத்த திங்களுக்குள் ஆவியாகிவிடும்.

பிள்ளையின் பள்ளிப்பை

வீட்டில் ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். பள்ளியில் ஐரிஷ் எல்லோருக்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வந்து சேரும் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்கலாம். அதற்குள் வந்துவிட்டால் அவர்களும் படிப்பார்கள். அதை ஒரு சுமையாகப் பார்க்கும் பெற்றோர் உண்டு. ஏற்கெனவே வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம், இதில் மூன்றாவது எதற்கு என்பார்கள். என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு அப்படி எந்தக் கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த முழு வாக்கியம் "அன் வில் க்யத் அகம் துல் கொ ஜீ அன் லெஹ்ரஸ்?". நான் கழிப்பறைக்குப் போகலாமா? இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் வாக்கியம் இது. மற்ற எல்லாம் மறந்துபோன ஐம்பது வயதுக்காரருக்கும் இது மறக்காது. இதில் எவ்வளவு இலக்கணம் இருக்கிறது என்று பிறகுதான் கவனித்தேன். "என்னிடம் அனுமதி இருக்கிறதா" என்பதுதான் அமைப்பு. அந்த அகம் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுமதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார், நேரம், பணம் எதைப் போட்டாலும் புது வாக்கியம் கிடைக்கும்.

பிறகு கிழமைகள் வந்தன. புதன் "ஜே கேதீன்", முதல் விரதம். வெள்ளி "ஜே ஹீனா", விரதம். நடுவில் வரும் வியாழன் "ஜேர்தீன்", இரண்டு விரதங்களுக்கு இடைப்பட்ட நாள். பழைய கிறிஸ்தவ மடங்களின் நோன்பு நாள்கள் இப்படிக் கிழமைகளில் ஒளிந்திருக்கின்றன. இதை ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை அங்கயும் விரதமா" என்றார் திருப்தியாக.

பிள்ளையின் பையில் சொற்கள் சரியான அளவில் வருகின்றன, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. படத்தோடு வருகின்றன. எல்லாவற்றையும்விட, திருத்துவதற்கு வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறாள். "அப்பா, அது அப்படி இல்லப்பா, வாயை இப்படி வெச்சுக்கோ" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவாள். அவள் ஆங்கிலத்துக்கு மாறி இரக்கம் காட்டுவதும் இல்லை. தப்பு என்றால் தப்புதான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பென்சில், பூனை, மழை, ஜலதோஷம் வரை வரும். வீட்டு வாடகை பற்றியோ முதலாளி பற்றியோ பேச முடியாது.

டிவியும் வானொலியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரேடியோ ந கேல்டாக்டா 1972 முதல் ஒலிக்கிறது. டி.ஜி. 4 தொலைக்காட்சி 1996இல் தொடங்கியது. டிவியில் ஆங்கில வரிகள் கீழே ஓடுவதால் கண் அங்கேயே போய்விடும், காது தூங்கிவிடும். குழந்தைகள் நிகழ்ச்சி நல்லது. வானிலை அறிக்கை அதைவிட நல்லது. பத்துச் சொல்லே திரும்பத் திரும்ப வரும், இந்த ஊரில் மழை என்ற சொல்லை மறக்க வாய்ப்பே இல்லை. வானொலி முதல் வருடத்தில் வெறும் சங்கீதம்தான். ஆனாலும் சமைக்கும்போது ஓடவிடுங்கள். ராகம் காதில் ஏறும். பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் என் தராசில் இது கீழே.

கேல்டாக்டில் ஒரு வாரம்

டோனிகால் மாவட்டத்தில் கிளென்கொலம்கில் என்ற ஊரில் 1984 முதல் பெரியவர்களுக்கான ஐரிஷ் வகுப்புகள் நடக்கின்றன. ஒஜஸ் கேல் என்ற அமைப்பு நடத்துகிறது. கொனமாராவில் கேரரோ ஊரில் கால்வே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மையம் உண்டு. கெர்ரியில் டிங்கிள் தீபகற்பத்திலும் பெரியவர்களுக்கு வகுப்புகள் இருக்கின்றன. காலையில் பாடம், மாலையில் பாட்டு, நடனம், மலையேற்றம்.

ஆகச் சிறந்த வழி இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் வழியாக இருக்கக் கூடாது. கட்டணம், தங்குமிடம், ஒரு வார விடுப்பு என்று நம் குடும்பங்களுக்குச் சின்னச் செலவில்லை இது. ஒன்றுமே தெரியாமல் போனால் அந்த வாரம் முழுக்க எழுத்துகளோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். நூறு சொல்லும், பத்து வாக்கியமும், கொஞ்சம் வெட்கமின்மையும் சேர்ந்தபிறகு போனால் கொடுத்த காசு வசூல்.

பேச்சு வட்டம்

"கீர்கல் கோரா" என்பார்கள். நூலகத்தில், காபிக் கடையில், பப்பின் ஒரு மூலையில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஐரிஷில் பேசுவார்கள். பெரும்பாலும் இலவசம். 2016இல் டப்ளினில் பாப்-அப் கேல்டாக்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். இன்ன நாள் இன்ன பப் என்று அறிவித்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் ஐரிஷில் பேசுவது. அது வேறு ஊர்களுக்கும் பரவியது. குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

முதல் இரண்டு முறை கொடுமையாக இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள், நாமும் காரணம் புரியாமல் சிரிப்போம். அங்கே தெம்பு தருவதற்கு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: "இஸ் ஃபார் கேல்கே வ்ரிஷ்டா நா பேர்லா க்லிஷ்டா". கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல். வந்து உட்காரும் புதியவர்களிடம் இதைச் சொல்லாமல் விட மாட்டார்கள். "கூப்ல ஃபொகல்" என்றும் ஒரு வழக்கு உண்டு. இரண்டு மூன்று வார்த்தை என்று அர்த்தம். எனக்கு அவ்வளவுதான் வரும் என்று சொன்னால் போதும், வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

எந்த ஊர் ஐரிஷ்?

வடக்கே டோனிகாலின் அல்ஸ்டர் வழக்கு, மேற்கே கொனமாராவின் கொனாக்ட் வழக்கு, தெற்கே கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டின் மன்ஸ்டர் வழக்கு. இவற்றுக்கு மேலே 1958இல் அரசு வெளியிட்ட எழுத்துத் தரம். அதைத் தாய்மொழியாகப் பேசும் ஊர் எதுவும் கிடையாது. மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் போலத்தான், ஆனால் புதியவர் முதலில் தடுக்கி விழுவது எளிய சொற்களில். எப்படி இருக்கிறாய் என்பதற்கு தெற்கே "கொனஸ்", மேற்கே "கே ஹீ", வடக்கே "கஜே மர்". மொழியின் பெயரே மன்ஸ்டரில் "கேலிங்" ஆகிவிடும்.

கழிப்பறைக் கதவு ஒன்றே போதும். எஃப்-ஐ-ஆர் என்றால் ஆண்கள். எம்-என்-ஏ என்றால் பெண்கள். எம் என்ற எழுத்தைப் பார்த்து ஆண்கள் என்று நினைத்து உள்ளே போகாதவர் குறைவு. அந்தப் பெண்கள் என்ற சொல்லை மன்ஸ்டரில் எழுதியபடி "ம்னா" என்பார்கள். கொனாக்டிலும் அல்ஸ்டரிலும் "ம்ரா".

எதை எடுப்பது? உங்களுக்குப் பதில் சொல்லப்போகிறவர் எந்த ஊரோ, அந்த ஊர். கால்வேயில் இருந்தால் கொனமாரா வழக்கு. கார்க்கில் இருந்தால் மன்ஸ்டர். டப்ளினில் இருந்தால் உங்கள் ஆசிரியரோ, பிள்ளையின் டீச்சரோ எப்படிப் பேசுகிறாரோ அப்படி. முதல் வருடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கேட்டால் அடையாளம் காணும் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால்

பெயர்ப்பலகை படிக்கவும், அலுவலகத்தில் நாலு பேரிடம் வணக்கம் சொல்லவும் மட்டும்தான் என்றால், ஆப்போடு அந்த அகராதித் தளமும் போதும். கூடவே ஐரிஷ் தெரிந்த ஒரு சகஊழியரைப் பிடித்து, காலையில் முதல் இரண்டு வாக்கியம் ஐரிஷில்தான் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் வாரம் கொண்டாடுவார்கள். பெயர் வாரம், நடப்பது இரண்டு வாரத்துக்கு மேல். ஒப்பந்தத்தை அப்போது தொடங்கினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிள்ளை இருந்தால் பள்ளிப்பை, பிறகு வகுப்பு.

வேலையில் தேவைப்பட்டால் கதை வேறு. என் மனைவிக்கு எந்தப் பாடத்திட்டமும் ஒத்துவரவில்லை. அவள் வார்டில் கொனமாராப் பக்கத்து முதியவர்கள் சிலர் உண்டு. ஆங்கிலம் தெரியும், ஆனால் வலி வரும்போது வாயில் வருவது ஐரிஷ்தான். அவள் ஆப்பைத் திறக்கவே இல்லை. உடன் வேலை செய்யும் அந்த ஊர் நர்ஸ் ஒருவரிடம் எட்டு வாக்கியம் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். "அன் வில் பீயன் ஒர்ட்?" என்றால் வலி உன் மேல் இருக்கிறதா. "அன் வில் தார்ட் ஒர்ட்?" என்றால் தாகம் உன் மேல் இருக்கிறதா. பதில் தா அல்லது நீல், இரண்டில் ஒன்று. எங்கள் வீட்டில் நான்தான் அதிகம் படித்தவன். ஐரிஷில் அதிகம் பேசியவள் அவள்.

நான் மறுபடி ஸ்பிடல் கடைக்குப் போனது ஏழெட்டு மாதம் கழித்து, மகளையும் கூட்டிக்கொண்டு. அதே அம்மா. இந்த முறை "கே ஹீ வில் தூ" என்று நானே முந்திக்கொண்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார், மழையைப் பற்றி ஏதோ சொன்னார், பாதி புரிந்தது. ரொட்டியையும் பாலையும் வைத்ததும் "அன் வில் மாலா வெட்ச்?" என்றார். மகள் என் கையைக் கிள்ளி, "பை வேணுமானு கேக்கறாங்க" என்றாள். "நீல், கொ ரெவ் மா அகத்" என்றேன். வேண்டாம், நன்மை உங்களிடம் இருக்கட்டும். அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

விடைபெறும்போதுதான் கோட்டைவிட்டேன். போகிறவருக்கு நிற்கிறவர் "ஸ்லான் லத்" என்பார். போகிறவர் நிற்கிறவருக்கு "ஸ்லான் அகத்" என்று சொல்ல வேண்டும். போய் வாங்க, போய்ட்டு வரேன் மாதிரி. அவர் சரியாக ஸ்லான் லத் என்றார். நானும் பெருமையாக ஸ்லான் லத் என்றேன். தன் கடையிலேயே நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்துப் போய் வாங்க என்று சொல்லிவிட்டு நான் கதவைத் திறந்தேன். அவர் கல்லாவைத் தட்டிச் சிரிக்கும் சத்தம் தெருவரை கேட்டது. பஸ் நிறுத்தம் வரும்வரை மகள் எனக்கு அகத், லத் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள்.